பதின்மூன்றாவது உயிர்

எங்கள் கழகத்தில் மொத்தம் ஒன்பது பேர். ஒன்பது பேரும் வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள். மற்ற எட்டுப் பேரின் பீரும் வாயில் வைக்க விளங்காது என்று மனமார நம்புபவர்கள். ஆனாலும் மாதம் ஒருமுறை சவரிராயன் வீட்டு மொட்டைமாடியில் கூடுவோம். ஒருவர் பீரை இன்னொருவர் குடித்து, கண்ணை மூடி, "பிரமாதம்" என்போம். புதுவை நுரையாளர் கழகம் பதினான்கு வருடமாக உடையாமல் இருப்பது இந்த ஒரு பொய்யின் பலத்தில்தான்.

வருடத்துக்கு ஒரு போட்டி உண்டு. இதுவரை யாரும் பீரில் போடாத ஒரு பொருளைப் போட்டுக் காய்ச்ச வேண்டும். ஒரு வருடம் சவரிராயன் கருவாட்டுத் தலையைப் போட்டுக் கோப்பையை வாங்கிக்கொண்டார். அதைக் குடித்த பிறகும் நாங்கள் அவரோடு பேசுகிறோம் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். அடுத்த வருடம் உப்பளத்துச் சேறு வென்றது. ஒரு வழக்கறிஞர் பழைய சட்டப் புத்தகத்தின் அட்டையை ஊறவைத்துக் கொண்டுவந்தார், தீர்ப்பை ஒத்திவைத்தோம். நான் தொடர்ந்து ஆறு வருடம் தோற்றிருந்தேன். குடிநீர் வடிகால் துறையில் முப்பது வருடம் பொறியாளராக இருந்தவன் நான். தோல்வி எனக்குப் புதிதல்ல. ஆனால் கருவாட்டுத் தலையிடம் தோற்றது உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தில் பூச்சைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

பதினோரு வருடங்களுக்கு முன் தோல் காய்ச்சல் வந்து ஓய்ந்தபோது, மேனித் தூய்மை வாரியம் என்று ஒன்றை அமைத்தார்கள். மனிதத் தோலில் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன, ஒவ்வொருவர் தோலிலும் ஒவ்வொரு விதமான கூட்டம், இந்த ஒழுங்கின்மைதான் காய்ச்சலுக்கு வழிவிட்டது என்று வாரியம் கண்டுபிடித்தது. தீர்வு எளிமையானது. எல்லோரையும் கழுவி, பழைய குடித்தனக்காரர்களைக் காலி செய்துவிட்டு, அனுமதி பெற்ற பன்னிரண்டு வகை நுண்ணுயிர்களை மட்டும் பூசிக் குடியேற்றினார்கள். இதுதான் பூச்சு. ஊர் முழுக்க ஒரே பன்னிரண்டு. ஆட்சியருக்கும் அதே பன்னிரண்டு, அவர் காரைத் துடைப்பவருக்கும் அதே பன்னிரண்டு.

எஃகு அறை ஒன்றில் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். "அணிந்திருப்பவை அனைத்தையும் அகற்றவும்" என்று சுவரிலிருந்து ஒரு பெண்குரல் சொன்னது. நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். உடுப்பு, கடிகாரம், மோதிரம், மூக்குக் கண்ணாடி, கடைசியில் பொய்ப்பல் வரை கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, பிறந்த மேனியாக நின்றேன். சான்றிதழ் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.

காய்ச்சல் திரும்பவில்லை. கூடவே வேறு சிலவும் திரும்பவில்லை. எல்லோர் மேலும் புது பிளாஸ்டிக் வாளியின் மணம் அடித்தது. பிறந்த குழந்தைக்கு எந்த மடி தன் தாயுடையது என்று மூக்கால் தெரிவதில்லை. அதனால் பிரசவ வார்டுகளில் தாய்மார்கள் இரவு பகலாக எதையாவது பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கையால் கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் வைத்தபடியே கிடந்தது. வாரியத்தின் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினால்தான் பொங்கியது. யார் கை ராசியான கை என்று மாமியார்களும் மருமகள்களும் நூற்றாண்டுகளாக நடத்திய போர் ஒரே வாரத்தில் முடிந்தது. சமத்துவம் என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

இந்த வருடப் போட்டிக்கு நான் தேர்ந்தெடுத்த பொருள், மூன்று வருடம் உப்பில் கிடந்து கறுத்த நார்த்தங்காய். மற்றதெல்லாம் வழக்கம்போல. முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகு பாகூரிலிருந்து வரும். கொண்டுவருபவர் அஞ்சலாட்சி. நாற்பத்தைந்து வயதிருக்கும். கேழ்வரகை ஊறவைத்து, ஈரச் சாக்கில் பரப்பி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வெறுங்கையால் திருப்பிப் போட்டு முளைக்க வைப்பார். இயந்திரத்தில் திருப்பினால் முளை முறிந்துவிடும். எங்கள் ஒன்பது பேரின் பீருக்கும் அவர் கேழ்வரகுதான். தானியத்தைத் தொட்டு விற்க வாரியத்தின் உரிமம் வேண்டும். அதை நெகிழிப் பையில் போட்டு எப்போதும் கூடவே வைத்திருப்பார்.

காய்ச்சிய அன்று காலை அவர் மூட்டையோடு வந்தபோது, நான் ஆறிப்போன பானையின் முன் திகைத்து நின்றிருந்தேன். நார்த்தங்காய்ச் சக்கை குழாயை அடைத்துக்கொண்டிருந்தது.

"என்னா சார், இடுப்புல தேடுறீங்க? சாவியா?" என்று சிரித்தார்.

யோசிக்கும்போது என் இடது கை இடுப்புக்குப் போய்விடும். பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே பழக்கம். கையை எடுத்துக்கொண்டேன்.

"துணி வச்சி வடிச்சிருங்க சார். நான் புடிக்கிறேன்."

"கொதிச்சு ஆறினதுல கை படக் கூடாது அஞ்சலாட்சி."

"எல்லாரும் பூசிக்கினு வந்தாச்சு. கைக்குக் கை என்னா இருக்குது?"

அந்த வாதத்தில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவர் துணியைப் பிடித்துப் பிழிந்தார். இனிப்பு போதுமா என்று பார்க்க நான் நாலைந்து முறை விரலை விட்டு நக்கினேன். பிறகு வாரியத்தின் ஈஸ்ட் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டி மூடி வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து மொட்டைமாடியில் என் பீரை ஊற்றினேன். யாரும் "பிரமாதம்" என்று சொல்லவில்லை. பலாப்பழத்தைப் பிளந்த கத்தியின் வாசனை முதலில் வந்தது; அதன் பின்னால் வேறொன்று. யாரோ ஒரு ஆள் அறைக்குள் வந்து நம் முதுகுக்குப் பின்னால் நிற்பது போல. பதினோரு வருடமாக யாரும் அப்படி வந்து நின்றதில்லை.

சவரிராயன்தான் முதலில் வாயைத் திறந்தார். "யோவ் தணிகாசலம்... எங்கப்பா சட்டை மாதிரி இருக்குய்யா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கருவாட்டுத் தலைக்கு இப்படி யார் கண்ணும் கலங்கவில்லை என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

போட்டிக்கு வந்த பீர்களைச் சோதித்துச் சொல்வது பத்மஜோதியின் வேலை. கழகத்தில் ஒரே பெண். ஆய்வகத்தில் நுண்ணுயிர் பார்ப்பவள். இரண்டு நாள் கழித்து எல்லோரையும் கூப்பிட்டாள்.

"அண்ணே, உங்க பீர்ல பதின்மூணாவதா ஒண்ணு இருக்கு."

"நார்த்தங்காயா?"

"நார்த்தங்காயெல்லாம் கொதியிலயே செத்துருச்சு. இது மனுசத் தோல்ல இருக்கற ஒரு காட்டு ஈஸ்ட். வாரியத்து ஈஸ்டை வெளிய தள்ளிட்டு இதுதான் மொத்தப் பானையையும் புளிக்க வச்சிருக்கு. ருசியே அதுதான். பூச்சு ஏறாத யாரோ ஒருத்தங்க கை பட்டிருக்கு. ஆறினப்புறம் யார் யார் தொட்டீங்க?"

"நானும்... அஞ்சலாட்சியும்."

இரண்டு பெயர் சொன்னேன். ஒன்பது பேருக்கும் ஒரு பெயர்தான் கேட்டது. நான் ஓய்வுபெற்ற பொறியாளன். கூடத்தில் சான்றிதழ் மாட்டியவன். அவர் பாகூரிலிருந்து சைக்கிளில் வருபவர். "அந்தப் பக்கமெல்லாம் சான்றிதழை ஆளுக்கு ஆள் மாத்திக்கிறாங்கப்பா" என்றார் வழக்கறிஞர். சட்டம் படித்தவர், ஆதாரம் இல்லாமல் பேசும் உரிமை அவருக்கு உண்டு.

சிக்கல் என்னவென்றால், எங்கிருந்து வந்தது என்று தெரியாத உயிர் இருந்தால் பீர் தள்ளுபடி. எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கொடுத்து, வாரியத்துக்கும் தெரிவித்துவிட்டால், அது முறைப்படி அறிவிக்கப்பட்ட பொருள், போட்டியில் நிற்கலாம். சவரிராயன் படிவத்தை நீட்டினார். 'பயன்படுத்திய அபூர்வப் பொருள்' என்று ஒரு கட்டம்.

நான் நெடுநேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் இரைந்தது. ஒருவரும் என்னை அவசரப்படுத்தவில்லை, அவ்வளவு நாகரிகமானவர்கள். 'அஞ்சலாட்சி, பாகூர். கை.' என்று எழுதினேன்.

கோப்பை எனக்குக் கிடைத்தது. பித்தளை.

மறுநாளே வாரியத்து வண்டி பாகூருக்குப் போய்விட்டது. மறுபூச்சு, நாற்பது நாள் தனிமை, உரிமம் ரத்து. தூய்மை இல்லத்திலிருந்து அவர் என்னைத்தான் கைப்பேசியில் கூப்பிட்டார். யார் எழுதிக் கொடுத்தது என்று அவருக்குத் தெரியாது.

"சார், ஒரு உதவி. கேவுறு ஊறவச்சி சாக்குல போட்டுட்டு வந்துட்டேன். திருப்பிப் போடலன்னா அழுகிரும். அந்த விதை இனி கிடைக்காது சார். பக்கத்துல யாரும் தொட மாட்டேன்றாங்க, எனக்கு என்னமோ ஒட்டிக்கினு இருக்குதுன்னு. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். கொஞ்சம் போறீங்களா?"

போனேன். குற்ற உணர்வுள்ளவனைப் போல நல்ல வேலைக்காரன் கிடையாது. சாக்கை விரித்து, கேழ்வரகை வெறுங்கையால் திருப்பினேன். அவர் சொல்லிக்கொடுத்தபடி அடியில் இருப்பது மேலே, ஓரத்தில் இருப்பது நடுவே. நடுநடுவே நிமிர்ந்து உட்கார்ந்து, செய்த காரியத்தைப் பற்றி யோசித்தேன். யோசிக்க நிறைய இருந்தது. மூன்று நாள் இப்படிப் போனது.

நான்காம் நாள் காலையில் கொட்டகைக் கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. பலாப்பழம். அதன் பின்னால், முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும் ஆள்.

அஞ்சலாட்சி அங்கே இல்லை. அவர் வீட்டில் வாரியம் மருந்தடித்துவிட்டுப் போயிருந்தது. அந்தக் கேழ்வரகை மூன்று நாட்களாகத் தொட்டவன் நான் ஒருவன்தான்.

நேராகப் பத்மஜோதியின் ஆய்வகத்துக்குப் போனேன். என் கையைக் கழுவச் சொல்லி, உள்ளங்கையில் பஞ்சால் ஒற்றி எடுத்துப் பார்த்தாள். பன்னிரண்டு. கழுத்து, அக்குள், காது மடல். எல்லா இடத்திலும் ஒழுக்கமான பன்னிரண்டு.

"ஒண்ணுமில்லையே அண்ணே. நீங்க சுத்தம்."

நான் யோசித்துக்கொண்டு நின்றேன். அவள் என் இடது கையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கை இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, பூச்சுக்குப் போன அன்னிக்கு எல்லாத்தையும் கழட்டினீங்கல்ல?"

"பல்லைக்கூடக் கழட்டினேம்மா."

"அதை?"

"எதை?"

"அரைஞாண் கயிறை."

"அதை எப்படிம்மா கழட்டறது? அது உடம்புல இருக்கறதுதானே!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. அணிந்திருப்பவை அனைத்தையும் அகற்றச் சொன்னார்கள், அகற்றினேன். கறுப்புக் கயிற்றை நான் அணிந்திருக்கவில்லை. ஒருவன் தொப்புளை அணிந்துகொள்வானா? கயிறு நைந்துபோனால்கூட, புதியதை முதலில் கட்டிவிட்டுத்தான் பழையதை அறுப்பார்கள். பிறந்த பதினாறாம் நாளிலிருந்து என் இடுப்பு ஒரு நொடிகூட வெறுமையாக இருந்ததில்லை. பழைய கயிற்றில் இருந்தவர்கள் புதிய கயிற்றுக்கு நடந்தே குடிபோயிருக்கிறார்கள். அறுபத்திரண்டு வருடமாக.

பத்மஜோதி கயிற்றடியிலும் பஞ்சால் ஒற்றிப் பார்த்தாள், பதின்மூன்று. முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "அப்ப இந்த ஊர்ல எத்தனை ஆம்பளைங்க அண்ணே?" என்றாள் மெதுவாக. "அத்தனை பேர் இடுப்புலயும் பதினோரு வருசமா இருக்கு. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

"இவ்வளவு நாள் எப்படித் தெரியாமப் போச்சு?"

"நீங்கள்லாம் ஒரு நாளாவது இட்லி மாவுல கை வச்சிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

வாரியத்தில் இதற்குப் பொறுப்பான அதிகாரியின் பெயர் கலிவரதன். என் வயதுக்காரர், மரியாதையானவர். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து எனக்கும் அவருக்கும் ஒரே வாளியின் மணம் அடித்தது. எல்லாவற்றையும் சொன்னேன். நம்பிக்கை வருவதற்காகக் கயிற்றை அறுத்து ஒரு புட்டியில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அறுப்பதற்கு முன் புதியதைக் கட்டிக்கொண்டுதான் அறுத்தேன். மனசாட்சி விழித்துக்கொண்டாலும் முறை என்று ஒன்று இருக்கிறது.

கலிவரதன் புட்டியையே பார்த்தார். அவர் வலது கை மேசைக்குக் கீழே போனது. இடுப்பருகே சட்டைக்கு மேலாக எதையோ தடவிப் பார்த்தது. பிறகு மேசைமேல் திரும்பி வந்து, தப்பு செய்த பிள்ளை மாதிரி அசையாமல் கிடந்தது.

மின்விசிறி சுற்றியது. பதினோரு வருட அறிவியல் எங்கள் இருவருக்கும் நடுவே புட்டிக்குள் சுருண்டு கிடந்தது.

"காய்ச்சல் திரும்ப வரல சார். அதனால பூச்சு வேலை செய்யுது" என்றார் கடைசியில்.

"பூச்சு ஊர்ல பாதிப் பேருக்கு முழுசா ஏறவே இல்ல. அதனால பூச்சே தேவையில்லைன்னும் சொல்லலாமே?"

"சொல்லலாம். சொன்னா நான் எழுதணும். எழுதினா முதல்ல என் பேரை எழுதணும். எனக்கு மேல இருக்கறவர் பேரை எழுதணும். அவருக்கு மேல..." அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். "அமைச்சர் வரைக்கும் எல்லாரும் ஆம்பளைங்க சார்."

"அஞ்சலாட்சியை விட்டுருங்க. அவங்க பேருக்குப் பதிலா என் பேரைப் போடுங்க."

"உங்க பேரைப் போட்டா காரணம் எழுதணுமே."

"அப்ப காரணத்தை நான் எழுதறேன். கயிறைப் படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்பறேன். எங்க கழகத்துல ஒன்பது பேர். ஒரு வக்கீலும் இருக்கார்."

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச்செயல், அரைஞாண் கயிற்றைக் காட்டி ஓர் அரசு அதிகாரியை மிரட்டியது. வழக்கறிஞர் எங்கள் பக்கம் நிற்க மாட்டார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். கலிவரதன் பேனாவைத் திறந்தார். 'மாதிரி கெட்டுவிட்டதால் சோதனை செல்லாது' என்று எழுதினார். உரிமம் திரும்பியது. யாரும் தவறு செய்யவில்லை. மாதிரி தானாகக் கெட்டுவிட்டது.

கோப்பையைச் சவரிராயனிடம் திருப்பிக் கொடுத்துக் காரணத்தைச் சொன்னேன். பிறகு மொட்டைமாடியிலிருந்த ஆண்கள் எல்லோர் கையும் எங்கே போயின என்று நான் எழுதப் போவதில்லை. அதே பீரை அடுத்த மாதம் இன்னொரு முறை காய்ச்ச முடியுமா என்று மட்டும் வழக்கறிஞர் தனியாகக் கேட்டார்.

கோப்பு நகர்ந்து, இருபத்து மூன்றாம் நாள் அஞ்சலாட்சி வீட்டுக்கு வந்தார். மறுநாள் நான் பாகூருக்குப் போனேன். இரண்டாவது பூச்சு அவர் உள்ளங்கைகளை உரித்துவிட்டிருந்தது. வேகவைத்த கிழங்கின் தோல்போல ஓரங்களில் சுருண்டு நின்றது. கேழ்வரகு கொட்டகையில் முளைவிட்டு, காய்ந்து, தயாராக இருந்தது. அதைக் கையில் அள்ளிப் பார்த்தவர், உடனே கீழே விட்டார். எரிந்திருக்க வேண்டும்.

"நல்லா திருப்பியிருக்கீங்க சார்" என்றார்.

எழுதிக் கொடுத்தது நான்தான் என்று சொன்னேன். கட்டம், கை, கோப்பை, கயிறு, எதையும் விடவில்லை. அவர் கேழ்வரகைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ரூம்புல பொம்பளைக் குரல் ஒண்ணு சொல்லுமே சார். போட்டிருக்கறதெல்லாம் கழட்டுன்னு."

"ஆமா."

"பதினோரு வருசம் முன்ன சொன்னப்ப, தாலியைக் கழட்டித் தட்டுல வச்சேன். வீட்டுக்காரு வெளிய உக்காந்துக்கினு இருந்தாரு. அழுதுக்கினே வச்சேன். எனக்கு முன்னாடி வரிசையில நின்ன அத்தனை பொம்பளைங்களும் வச்சாங்க. இப்ப ரெண்டாவது வாட்டி சொன்னாங்க. திரும்பவும் கழட்டி வச்சேன்." கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றை ஒருமுறை தொட்டுக்கொண்டார். "ஆம்பளைங்க உங்கள்ல ஒருத்தருக்குக் கூடவா சார் கழட்டணும்னு தோணல?"

கை ஆறும்வரை தினமும் வந்து கேழ்வரகைத் திருப்பிப் போடுகிறேன் என்றேன். பதிலுக்குப் பதிலாக அதைச் சொல்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அவர் மூலையிலிருந்த புதுச் சாக்கைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார். அதில் முந்தின நாள் ஊறவைத்த கேழ்வரகு ஈரமாகக் கிடந்தது.

எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தபடி நின்றேன்.

"என்னா சார், சாவியா?" என்றார் அஞ்சலாட்சி.

இந்த முறை அவர் சிரிக்கவில்லை.